கரிம மெமரி டிவைஸைச் செய்து, அளந்து, வழிக்குக் கொண்டுவர: சேலம் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைடு 'மூளை போல இயங்கும் கணினிக்கான கரிம மெமரி டிவைஸ்' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார். லேபில் இருப்பது ஒரு ஸ்பின் கோட்டர் (கண்ணாடியைச் சுழற்றிப் படலம் போடும் கருவி), ஒரு ஹாட் பிளேட், இரண்டு மல்டிமீட்டர். தேடிப் படிக்கும் ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் கிளீன் ரூமில்தான் தொடங்குகின்றன. சேலத்தில் எம்.எஸ்சி., பி.இ. ப்ராஜெக்டிலோ பிஎச்.டி. முதல் ஆண்டிலோ இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை நீங்களும் அப்படியே கற்க வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவைஸ் சரியாக நடந்துகொள்ளவில்லை என்றதும் எல்லோரும் படலம் போடும் பாலிமர் கரைசலில்தான் கைவைப்பார்கள். இதைக் கொஞ்சம் கூட்டுவது, அதைக் கொஞ்சம் குறைப்பது என்று மாதங்கள் ஓடிவிடும். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. உள்ளே எவ்வளவு மின்னூட்டம் போனது, எந்த வழியாகக் கசிந்தது என்ற கணக்கில்தான் இருக்கும். அதனால் என் வரிசை இது: முதலில் கசிவு, அடுத்து பல்ஸ் (டிவைஸில் எழுதக் கொடுக்கும் சிறு மின்துடிப்பு), அப்புறம் சேனல் அளவு, கடைசியில் கரைசல்.

1. எந்த டிவைஸ் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கரிம மெமரி என்ற பெயரில் இரண்டு வகை உண்டு. முதலாவது இரு முனை மெமரிஸ்டர். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மெல்லிய கரிமப் படலம். பார்க்க எளிமை, செய்யக் கடினம். படலத்தில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் மேல் மின்முனை கீழே தொட்டு ஷார்ட் ஆகிவிடும். வெற்றிடத்தில் உலோகம் ஆவியாக்கும் வசதி இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

மற்றது மூன்று முனை உள்ள கரிம மின்வேதி டிரான்சிஸ்டர். சோர்ஸ், டிரெயின் என்ற இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் படலம்; இதுதான் சேனல். அதன் மேல் உப்புக் கரைசலோ ஜெல்லோ. அதில் தொட்டபடி கேட் மின்முனை. கேட்டில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் கரைசலில் உள்ள நேர் அயனிகள் படலத்துக்குள் புகுந்து அதன் கடத்தலைக் குறைக்கும். எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் அவை வெளியேறி, கடத்தல் மீளும். உள்ளே போன அயனிகளை அங்கேயே நிறுத்திவைக்க முடிந்தால் அதுதான் மெமரி. சினாப்ஸின் (மூளையில் நரம்பணுக்கள் இணையும் இடம்) 'எடை' என்று சொல்வது இந்தக் கடத்தலின் அளவைத்தான். ஒரு வோல்ட்டுக்குள் எல்லாம் நடக்கும், சாதாரண அறையிலேயே செய்யலாம். புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கீழே உள்ளதெல்லாம் இதற்கானது.

எதிர்பார்ப்பையும் இப்போதே கைடுடன் பேசிவிடுங்கள். 2017-ல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வந்த பெடாட் வகை டிவைஸ் 500-க்கு மேற்பட்ட கடத்தல் நிலைகளைக் காட்டியது. 2024-ல் பெங்களூரு ஐஐஎஸ்சி குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மூலக்கூறு மெமரிஸ்டர் 14 பிட், அதாவது 16,000-க்கு மேல் நிலைகள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு உங்களிடம் கேட்பார்கள். அதன் படலம் வேறு, இயங்கும் முறை வேறு, அளந்த கருவிகளும் வேறு. நம் மேசையில் ஒன்றோடொன்று குழம்பாத 50 நிலைகள் வந்தால் நல்ல ப்ராஜெக்ட்.

2. பொருள் வரும் முன் காகித வேலை

இதைத் தள்ளிப்போடுபவர்கள்தான் கடைசியில் நேரமில்லாமல் தவிப்பார்கள். கல்லூரிப் பணத்தில் வாங்குவதென்றால் பெரும்பாலான இடங்களில் மூன்று விலைப்புள்ளிகள், ஒப்பீட்டுப் பட்டியல், கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பிறகு பர்ச்சேஸ் ஆர்டர். டீலர்கள் முன்பணம் கேட்டால் புரோஃபார்மா இன்வாய்ஸ் தனியாக வாங்க வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போது 'ஜிஎஸ்டி, ஃபிரெய்ட் சேர்த்து' என்று எழுதிக் கேளுங்கள். இல்லாவிட்டால் கடைசியில் 18 சதவீதம் கூடி, அனுமதித்த தொகையைத் தாண்டிவிடும். ஃபைல் மறுபடி முதலிலிருந்து சுற்றும்.

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டம் கடைசி ஆண்டு மாணவர்களுக்கானது. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். தொகை சில ஆயிரங்கள்தான். ஆனால் கம்பி, கண்ணாடி, எலக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்கு அது போதும். வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லைப் பத்திரப்படுத்துங்கள். செலவுச் சான்று எழுதும் நாளில் பேருந்து டிக்கெட்டையும் துண்டுச் சீட்டையும் ஆடிட்டர் ஏற்கமாட்டார்.

இன்னொன்று: ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான ஐ-ஸ்டெம் தளத்தில் கல்லூரி மின்னஞ்சலில் இப்போதே கணக்குத் தொடங்குங்கள். நாட்டில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, கட்டணம் என்ன, நேரம் எப்படிப் பதிவது எல்லாம் அதில் இருக்கும். சொந்த ஜிமெயிலில் பதிந்தால் சரிபார்ப்பில் நின்றுவிட வாய்ப்பு அதிகம்.

3. என்ன வாங்குவது, எதில் ஏமாறக்கூடாது

பெரும்பங்கைத் தின்பது பெடாட்-பிஎஸ்எஸ் புட்டிதான். இதே பெயரில் வெவ்வேறு சரக்கு விற்கிறது. சோலார் செல்லுக்கு வாங்கும் ஏஐ 4083 வகையில் பிஎஸ்எஸ் பெடாட்டைப் போல ஆறு மடங்கு. கடத்தல் மிகக் குறைவு. நமக்கு வேண்டியது பிஎச் 1000 வகை, விகிதம் 1:2.5. விலைப்புள்ளியிலேயே இந்த விகிதத்தைக் குறிப்பிடுங்கள். 'பெடாட்-பிஎஸ்எஸ், 25 கிராம்' என்று மட்டும் எழுதினால் எது மலிவோ அது வரும். வந்த புட்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்கள்.

விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஓர் அங்குலக் கண்ணாடிக்கு 150 மைக்ரோ லிட்டர் போதும். 25 மி.லி. புட்டியில் நூற்றைம்பது படலத்துக்கு மேல் வரும். பக்கத்து லேபில் யாராவது இதே வேலை செய்தால் பங்கு போட்டு வாங்கலாம். பெரும்பாலும் வெளிநாட்டு இருப்பிலிருந்து வரும் சரக்கு, ஆகவே ஆறிலிருந்து எட்டு வாரம் என்று கணக்கு வையுங்கள். வந்ததும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைந்துபோனால் கட்டி தட்டிவிடும், பிறகு எவ்வளவு குலுக்கினாலும் பழைய நிலைக்கு வராது. அதனால் ஃப்ரீசருக்கு அருகில்கூட வேண்டாம்.

மற்றவை: எத்திலீன் கிளைக்கால், படலத்தைக் கண்ணாடியோடு பிணைக்கும் ஜிஓபிஎஸ் என்ற சிலேன், 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டர், ஐடிஓ (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சு) பூசிய கண்ணாடி, காப்டான் டேப் (சூடு தாங்கும் டேப்). கழுவுவதற்கு டீஅயனைஸ்டு வாட்டர். அது இல்லாத இடத்தில் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும். வீட்டுக்கு வரும் கேன் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது.

4. கேட் மின்முனைக்குச் செவ்வாய்ப்பேட்டை

வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனையைக் கேட்டலாக்கில் வாங்கினால் விலை கனமாக இருக்கும். சேலத்துக்காரருக்கு அது தேவையே இல்லை. கொலுசுப் பட்டறைகள் நிறைந்த செவ்வாய்ப்பேட்டையில் அரை மில்லிமீட்டர் கம்பி ஒரு சாண் நீளம் கேளுங்கள். ஒரு கிராமுக்கு மேல் ஆகாது.

கேட்கும்போது கவனம். கொலுசுக்கு இழுக்கும் கம்பியில் செம்பு கலந்திருக்கும். அந்தச் செம்பு உப்புக் கரைசலில் கரைந்து படலத்துக்குள் போய்விடும். அப்புறம் நீங்கள் அளப்பது எதை என்றே தெரியாது. '99.9 டச், கலப்பில்லாத கம்பி, ஆய்வுக்கு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பற்றவைத்த துண்டு வேண்டாம்.

கம்பியை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச்சில் அரை மணி நேரம் போட்டால் சாம்பலும் ஊதாவும் கலந்த பூச்சு வரும். அதுதான் வெள்ளி குளோரைடு. பிளீச் அருகில் எந்த அமிலமும் இருக்கக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். இப்படி இரண்டு கம்பி செய்து, ஒரே உப்புநீரில் வைத்து, இடையில் வோல்ட்மீட்டரை இணையுங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. இருபது, முப்பது என்று அலைந்தால் மறுபடி தேய்த்துப் பூசுங்கள். வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

5. படலம் போடுவது

ஐடிஓ கண்ணாடியில் எந்தப் பக்கம் கடத்துகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்துக் குறியுங்கள். மின்முனையாக இருக்க வேண்டிய இடத்தைக் காப்டான் டேப்பால் மூடி, மீதியில் துத்தநாகத் தூள் தூவி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுத் துடைத்தால் ஐடிஓ போய்விடும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அதுதான் சேனல் நீளம்.

கண்ணாடியைச் சோப்பு நீர், டீஅயனைஸ்டு வாட்டர், அசிட்டோன், ஐசோபுரோப்பனால் என்ற வரிசையில் கழுவி, யுவி ஓசோன் வசதி இருந்தால் கால் மணி நேரம் வையுங்கள். ஒரு சொட்டு நீர் விட்டால் முத்தாக நிற்காமல் பரவ வேண்டும். பரவாத கண்ணாடியில் கரைசலை வீணாக்காதீர்கள்.

தொடக்கக் கலவை இதுவே போதும்: பெடாட்-பிஎஸ்எஸ், அதில் 5 சதவீதம் எத்திலீன் கிளைக்கால், 1 சதவீதம் ஜிஓபிஎஸ். ஜிஓபிஎஸ்ஸை ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முந்தைய நாளே கலந்து வைத்தால் புட்டிக்குள்ளேயே பிணையத் தொடங்கிவிடும். ஃபில்டர் செய்து, 1,500 ஆர்பிஎம் அளவில் சுழற்றி, 140 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஓர் இரவு டீஅயனைஸ்டு வாட்டரில் ஊறவைக்க வேண்டும். ஒட்டாத பிஎஸ்எஸ் அப்போதே வெளியேறிவிடும். இதைத் தவிர்த்தால் அது அளவீட்டின்போது கரைந்து, கடத்தல் தானாக நகர்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் அதை 'மெமரி' என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

எத்திலீன் கிளைக்கால் இல்லாத படலத்துக்கும் சேர்த்த படலத்துக்கும் கடத்தலில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும். இது நடக்கிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள். புட்டி சரியா தவறா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பெடாட் கரைசல் கடும் அமிலத்தன்மை உள்ளது. காலப்போக்கில் ஐடிஓவை அரிக்கும். செய்த டிவைஸை வாரக்கணக்கில் மேசை டிராயரில் போட்டுவைத்து அளக்காதீர்கள். கம்பி இணைக்கச் சில்வர் பேஸ்ட் பூசினால் உப்புக் கரைசல் அதன் மேல் படவே கூடாது. நெயில் பாலிஷால் மூடிவிடுங்கள்.

6. அளக்கும் பெட்டி

மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தையும் அளக்கும் சோர்ஸ் மீட்டர் இருந்தால் நல்லது. அதன் விலை லட்சங்களில். இல்லாதவர்கள் ஆர்டுயினோ, எம்சிபி 4725 என்ற 12 பிட் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக மாற்றுவது) இரண்டு, ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது) ஒன்று, ஆப் ஆம்ப், ரீட் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு சுவிட்ச்) வைத்துச் செய்யலாம். ஒவ்வொரு மாட்யூலும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஈஎஸ்பி 32 போர்டில் உள்ள ஏடிசியே போதும் என்று சிலர் சொல்வார்கள். அது நேர்கோட்டில் அளக்காது. நாம் தேடுவதே நேர்கோட்டுத்தன்மை என்பதால் அந்தச் சிக்கனம் உதவாது.

எம்சிபி 4725 நேர் மின்னழுத்தம் மட்டுமே தரும். ஆகவே ஒரு டிஏசியை 2 வோல்ட்டில் நிறுத்தி, ஆப் ஆம்ப் வழியாக அதையே சோர்ஸின் 'பூஜ்யமாக' வையுங்கள். மற்றதை 1.5-லிருந்து 2.5 வரை ஆட்டினால் கேட்டுக்கு மைனஸ் 0.5-லிருந்து பிளஸ் 0.5 வரை கிடைக்கும். இங்கே ஒரு பொறி. கரன்ட் வந்ததும் இந்த டிஏசி தன் நினைவில் உள்ள மதிப்புக்குப் போகும். புதியதில் அது பாதி அளவு. நீங்கள் புரோகிராம் ஏற்றுவதற்குள் கேட்டில் எதிர்பாராத மின்னழுத்தம் பாய்ந்திருக்கும். தேவையான மதிப்பை முதலில் அதன் நினைவில் எழுதுங்கள். டிவைஸைக் கடைசியில் இணையுங்கள், முதலில் கழற்றுங்கள்.

படிக்கும்போது டிரெயினில் 0.1 வோல்ட் போதும். அதிகம் கொடுத்தால் சேனலின் ஒரு முனையில் மட்டும் அயனி கூடும், படிப்பதே எழுதுவதாகிவிடும். கேட்டால் படலத்தில் ஏறும் மின்னழுத்தம் எந்த நேரத்திலும் 0.8 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். 1.23 வோல்ட்டை நெருங்கினால் நீரே பிரியத் தொடங்கும்.

7. கசிவு: முதலில் இதை முடியுங்கள்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பல்ஸ் கொடுக்கிறார்கள், கடத்தல் குறைகிறது, சில வினாடியில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. 'நிலைக்கவில்லை, கரைசலை மாற்ற வேண்டும்' என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பல்ஸ் முடிந்ததும் கேட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கேட்டைப் பூஜ்யம் வோல்ட்டில் வைப்பதும் கேட்டைக் கழற்றிவிடுவதும் வேறு வேறு. பூஜ்யத்தில் வைத்தால், படலத்தில் ஏறிய மின்னூட்டம் அந்த வழியாகவே திரும்பி ஓடும். நீங்களே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். எம்சிபி 4725-ஐப் பவர் டவுன் நிலையில் போட்டாலும் அதன் வெளியீடு உள்ளிருக்கும் ஒரு மின்தடை வழியாகத் தரையோடு சேர்ந்துதான் இருக்கும். அதனால்தான் ரீட் ரிலே. பல்ஸ் நேரத்தில் மட்டும் கேட் இணைய வேண்டும், மற்ற நேரம் காற்றில் தொங்க வேண்டும். ரிலே வரும்வரை கையால் ஒரு சுவிட்ச் போட்டுப் பாருங்கள். நிலைப்பு வினாடிகளிலிருந்து நிமிடங்களுக்குத் தாவினால் கரைசல் குற்றமற்றது.

கேட்டைக் கழற்றியும் மெல்ல மெல்ல நகர்கிறதா? அடுத்த சந்தேகம் ஆக்சிஜன். கடத்தல் குறைந்த நிலையில் உள்ள பெடாட்டைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மறுபடி ஆக்சிஜனேற்றம் செய்யும், கடத்தல் ஏறும். ஒரே டிவைஸை மூடிய டப்பாவில் நைட்ரஜன் ஓடவிட்டு ஒரு முறை, திறந்த அறையில் ஒரு முறை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். நைட்ரஜன் சிலிண்டர் இல்லையென்றால், ஜெல்லின் மேல் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு வைத்து ஓரத்தை எபாக்சியால் மூடினாலே வித்தியாசம் தெரியும்.

நிலைப்புச் சோதனை இரவு முழுக்க ஓடும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்ட் நிறுத்தும் நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரிலே பெட்டிக்கும் ஒரு யுபிஎஸ் வேண்டும்.

8. பல்ஸ் கணக்கு

இனிதான் உண்மையான டியூனிங். ஒரு பல்ஸுக்குக் கடத்தல் எவ்வளவு மாற வேண்டும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். பேனாவும் காகிதமும் எடுங்கள்.

சேனல் 1 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர், தடிமன் 100 நானோமீட்டர் என்று கொள்வோம். கன அளவு ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு. பெடாட்-பிஎஸ்எஸ் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 39 ஃபாரட் தாங்கும். ஆக நம் சேனல் சுமார் 3.9 மைக்ரோ ஃபாரட். அரை வோல்ட் முழுதாக ஏற்ற 2 மைக்ரோ கூலும் தேவை.

கேட் பாதையில் 1 மெகா ஓம் மின்தடையைத் தொடராகப் போடுங்கள். அரை வோல்ட், 10 மில்லிவினாடி பல்ஸ் என்றால் அதிகபட்சம் 5 நானோ கூலும் போகும். 2 மைக்ரோவை 5 நானோவால் வகுத்தால் 400 படிகள். மின்தடை இல்லாமல் அதே பல்ஸைக் கொடுத்தால் ஓரிரு பல்ஸிலேயே முழு எல்லையும் முடிந்துவிடும். 'எங்கள் டிவைஸில் இரண்டு நிலைதான் வருகிறது' என்று சொல்பவர்களில் பலருக்கு ஒரு சாதாரண ரெசிஸ்டர்தான் மருந்து.

இந்த 400-உம் ஒரே உயரப் படிகளாக இருக்காது. படலம் ஏற ஏற, அதன் மின்னழுத்தம் பல்ஸை எதிர்க்கும். படிகள் சிறுத்துக்கொண்டே போகும். இரண்டு வழி உண்டு. ஒன்று, பல்ஸ் மின்னழுத்தத்தையும் மின்தடையையும் சேர்ந்து ஏற்றுவது: 1 வோல்ட், 2 மெகா ஓம். மின்னோட்டம் அதே அளவு, ஆனால் படலம் 0.3 வோல்ட் ஏறியபோதும் முப்பது சதவீதம்தான் குறையும். முன்பு அறுபது சதவீதம் குறைந்திருக்கும். இதில் பல்ஸ் எண்ணிக்கைக்குப் புரோகிராமில் கட்டாயம் எல்லை வையுங்கள், ரிலே ஒட்டிக்கொண்டால் படலம் முழு 1 வோல்ட்டையும் பார்த்துவிடும். மற்ற வழி, முழு எல்லையையும் பயன்படுத்தாமல் நடுப்பகுதியில் மட்டும் வேலை செய்வது. உச்சத்துக்கும் அடிக்கும் உள்ள விகிதம் சுருங்கும், நேர்கோடு நிமிரும். கற்றுக்கொள்ளும் வலையமைப்புக்கு எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரே அளவில் நடப்பது முக்கியம். ஆகவே நான் எப்போதும் இரண்டாவதையே முதலில் பார்ப்பேன்.

பல்ஸ் கொடுத்தவுடன் படிக்காதீர்கள். அயனிகள் படலத்துக்குள் சமநிலைக்கு வரச் சற்று நேரம் எடுக்கும். குறுகிய கால நினைவைக் காட்ட வேண்டுமென்றால் அந்த நேரத்தையே அளவிட வேண்டும்: இரண்டு பல்ஸ், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டாவதன் விளைவு முதலாவதைவிட எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பது. இந்தச் சோதனையில் மட்டும் கேட் இணைந்தே இருக்கட்டும். ஏடிஎஸ் 1115 வினாடிக்கு 860 அளவீடுதான் எடுக்கும், அதற்கு வேகமான எதையும் இந்தப் பெட்டியால் சொல்ல முடியாது. அறிக்கையில் அதை எழுதிவிடுங்கள்.

9. சேனல் அளவு

சிறியதாக்கினால் வேகம் கூடும், ஒரு பல்ஸுக்கு வேண்டிய ஆற்றல் குறையும். காப்டான் டேப்பை வைத்து அரை மில்லிமீட்டருக்குக் கீழே ஒழுங்காகப் போக முடியாது. தடிமனைச் சுழற்சி வேகத்தால் மாற்றலாம். வேகத்தை நான்கு மடங்காக்கினால் தடிமன் ஏறத்தாழ பாதி. கேட்டும் பெடாட் படலமே என்றால் அதன் பரப்பு சேனலைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்தான் முதலில் நிரம்பும்.

10. இப்போது கரைசலைத் தொடலாம்

ஜிஓபிஎஸ் கூடினால் படலம் உறுதியாக ஒட்டும், ஆனால் கடத்தலும் அயனி உள்ளே போகும் அளவும் குறையும். 0.5 சதவீதம் வரை இறக்கிப் பார்க்கலாம், அதற்குக் கீழே படலம் உரியத் தொடங்குகிறதா என்று கவனியுங்கள். 2017 டிவைஸில் பயன்படுத்திய பிஇஐ என்ற அமீன் பாலிமர், பெடாட்டை ஓரளவு ஒடுக்கி, நடுநிலையில் தொடங்கவைக்கும். அங்கிருந்து இரு பக்கமும் நகர முடியும். அதைப் பெடாட் கரைசலிலேயே ஊற்றினால் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட இரண்டும் சேர்ந்து திரள வாய்ப்பு அதிகம். படலம் ஆன பிறகு மிக நீர்த்த பிஇஐ கரைசலில் நனைத்துக் கழுவுவதே வழி.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு கலவையிலும் குறைந்தது ஐந்து டிவைஸ் அளந்த பிறகே முடிவு சொல்லுங்கள். ஒரே கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு டிவைஸே கணிசமாக வேறுபடும்.

மேலே வைக்கும் ஜெல்லுக்கு அகர்-அகரில் 0.1 மோலார் சோடியம் குளோரைடு போதும். சேலத்துக்காரர் எல்லோருக்கும் வரும் யோசனை உங்களுக்கும் வரும்: ஜவ்வரிசி மாவு. மாவுச்சத்து ஜெல்லில் அயனி நன்றாகவே ஓடும், தாராளமாக முயலுங்கள். ஆனால் இரண்டொரு நாளில் அது நீர் விட்டுப் பிரியும், பூஞ்சையும் பிடிக்கும். ப்ராஜெக்டின் முதல் அளவீடு இதில் வேண்டாம்.

11. வெயிலும் மலையும்

பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் திறந்த ஜெல் மதியத்துக்குள் ஓரம் சுருங்கிக் காய்ந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மழைக்காலப் பனிமூட்டத்தில் அதே படலம் உப்பிக்கொள்ளும். ஏற்காட்டுக் கல்விக்கூடம் ஒன்றில் செயல்விளக்கம் என்று இருபது ஹேர்பின் வளைவும் ஏற்றிக் கொண்டுபோனால், கீழே அளந்த தொடக்கக் கடத்தல் மேலே இருக்காது.

இதற்குப் பணம் தேவையில்லை. காற்றுப் புகாத டப்பாவில், கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்குச் செறிவான சமையல் உப்புக் கரைசல் ஒரு கிண்ணம் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மெக்னீசியம் குளோரைடு என்றால் 33 சதவீதம். டிவைஸை அதில் சில மணி நேரம் வைத்த பின் அளந்து பாருங்கள். வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் ஒவ்வொரு தரவுக் கோப்பின் தலையிலும் எழுதுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று.

12. வெளியூர் அளவீடும் கணினி வேலையும்

வெளியில் அளக்க வேண்டியது உண்மையில் ஒன்றுதான்: படலத் தடிமன். அது இல்லாமல் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்), சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎஸ்சி மூன்றுமே சேலத்திலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் உள்ளவை. சிப் அளவுக்குச் சின்ன டிவைஸ் செய்ய ஆசையிருந்தால், வெளிக் கல்லூரிகளுக்காக நடக்கும் ஐஎன்யுபி என்ற நானோ எலக்ட்ரானிக்ஸ் திட்டத்தைப் பாருங்கள். முதலில் அறிமுகப் பயிற்சி, பிறகு செய்முறைப் பயிற்சி, பிறகு திட்ட முன்மொழிவு என்று படிப்படியாகப் போகும். அதனால் ஒரு செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அது ஒத்துவராது, பிஎச்.டி. மாணவர்களுக்குப் பொருந்தும்.

எடுத்துப்போக வேண்டியவை: கைடு கையெழுத்திட்ட கோரிக்கைக் கடிதம், போனாஃபைடு, கல்லூரி அடையாள அட்டை, கட்டணம் கட்டிய ரசீது, மாதிரியில் என்னென்ன ரசாயனம் என்ற பாதுகாப்புத் தாள். மாதிரிகளை மூடிய பெட்ரி தட்டில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மின்பகுளி படாத, கேட் இல்லாத வெறும் படலமாகவே கொண்டுபோங்கள். தடிமன் பார்க்கப் படலத்தில் ஒரு கீறல் வேண்டும்; ஊரிலேயே பிளேடால் போட்டுவிடுங்கள்.

எடை கூடுதல் குறைதல் வளைவு கையில் வந்த பின், நியூரோசிம் அல்லது கிராஸ்சிம் என்ற திறந்த மென்பொருளில் அதைக் கொடுத்து, கையெழுத்து எண்களை அடையாளம் காணும் வலையமைப்பு எவ்வளவு சரியாகக் கற்கும் என்று பார்க்கலாம். சாதாரண லேப்டாப்பே போதும். ஒரே ஒரு அழகான வளைவைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காதீர்கள். பல சுற்றுகளின் சிதறலையும் டிவைஸுக்கு டிவைஸ் வேறுபாட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வரும் சதவீதத்தை 'பாவனையில் கிடைத்தது' என்றே எழுதுங்கள்.

கால அளவு: ஏப்ரல் கடைசியில் வைவா என்றால் பெடாட் ஆர்டர் அக்டோபருக்குள் போயிருக்க வேண்டும். டிசம்பரில் முதல் படலம், ஜனவரி முழுக்கக் கசிவும் பல்ஸும், பிப்ரவரியில் கரைசல் மாற்றங்கள். தடிமன் அளக்கும் நேரத்தைப் பிப்ரவரி முதல் வாரத்துக்கே பதிந்துவிடுங்கள், மார்ச்சில் எல்லாக் கல்லூரிக்காரரும் அதே வரிசையில் நிற்பார்கள்.